பூட்டிய வீட்டிலிருந்து பழனிக்கு

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். நான் காரைக்குடிக்காரன். பதினோரு ஆண்டுகளாகப் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அடுத்த தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போக வேண்டும் என்று ஆசை. ஐயா (தாத்தா) வரை எங்கள் வீட்டில் எல்லாரும் நடந்தவர்கள்; அதற்குப் பிறகு யாரும் நடக்கவில்லை. எனக்கு நான்கு நாள் விடுப்புத்தான் கிடைக்கும். முழுத் தூரத்துக்கும் ஒரு வாரமாவது ஆகும் என்கிறார்கள். ஆகவே திண்டுக்கல் வரை காரில் வந்து, அங்கிருந்து கடைசி 58 கிலோமீட்டரை இரண்டு நாளில் நடந்து முடிக்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறேன். ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரை போகிறவர்களுக்குக்கூடக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் சான்றிதழ் தருகிறார்களாம். இது சரியாக இருக்குமா? செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டுமா? பயிற்சியை எப்போது தொடங்க வேண்டும்? அம்மாவுக்கு முழங்கால் வலி. காரில் கூடவே வரட்டுமா? ஊரில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி பெரியப்பச்சியிடம் (அப்பாவின் அண்ணனிடம்) இருக்கிறது. அதனால் ஊருக்கு வராமல் சேலம், கரூர் வழியாக நேரே திண்டுக்கல் போய்விடுவதுதான் வசதி.

மெ.
பெங்களூரு

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் ஊர் வீட்டின் இரண்டாம் கட்டில் ஒழுகிக்கொண்டிருந்த இடத்தில் ஓடு மாற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போது முகத்தில் வந்து மோதும் வௌவால் வாடையும், வளவு (உள்முற்றம்) முழுதும் உதிர்ந்து கிடக்கும் காரைப் பொடியும் இரண்டு நாளாகியும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால், நீங்கள் இத்தனை கேள்விகள் கேட்டிருந்தும், என் மனம் கேள்வியே இல்லாத உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களில் போய் நின்றுவிட்டது. அங்கே வருகிறேன்.

செருப்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டுதல் உங்களுடையது, கால்களும் உங்களுடையவை. சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். அப்படி நடந்து விரலை இழந்தவர்களை நான் அறிவேன். பயிற்சிக்கு இரண்டு மாதம் போதும். தினமும் விடியுமுன் எழுந்து ஐந்து கிலோமீட்டர் நடங்கள், வாரத்தில் ஒரு நாள் பதினைந்து நடங்கள். கைப்பேசியில் எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

தூரக் கணக்கில் நீங்கள் தவறவில்லை. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று போனால் பழனி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நான்கு நாளில் முடிக்க நாளொன்றுக்கு 40 நடக்க வேண்டும். பழக்கமில்லாத உடம்பு முதல் நாள் 40 நடந்துவிடும். மூன்றாம் நாள் காலையில் பாதத்தைத் தரையில் ஊன்றவே முடியாது. ஆகவே குறைத்துத்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து குறைப்பது என்பதில்தான் உங்களோடு எனக்குச் சண்டை.

நீங்கள் முதலை வெட்டிவிட்டு முடிவை வைத்துக்கொள்கிறீர்கள். குன்றக்குடியும் வேண்டாம், திருப்பத்தூரும் வேண்டாம், புறப்படுகிற வீடே வேண்டாம். பழனி மட்டும் வேண்டும். உண்ட வீட்டில் கை கழுவ மட்டும் வந்து நிற்பவர் செய்வதும் இதுதான் என்று சொன்னால் உங்களுக்கு வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். சந்தியாகோவைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். அந்த 100 கிலோமீட்டர், சான்றிதழ் கொடுப்பதற்காக இக்காலத்தில் வைத்துக்கொண்ட விதி. பழைய நூற்றாண்டுகளில் அங்கே போனவர்கள் தம் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, போய்ச் சேர்ந்தபின் அதே வழியை நடந்து வீடு திரும்பியவர்கள். மகாராஷ்டிரத்தில் பண்டரிபுரத்துக்குப் பல்லக்கில் போகும் ஞானேஸ்வரரின் பாதுகைகளும் ஆளந்திக்குத் திரும்பி வருகின்றன.

அவ்வளவு தூரம் போவானேன், நம் காவடிகளைப் பாருங்கள். பழனிக்கு உப்பு விற்கப் போன நம் செட்டிமார் வழியாகத்தான் இந்த நடை தொடங்கியது என்று பெரியவர்கள் சொல்வார்கள்; 400 ஆண்டுப் பழக்கம் என்பார்கள். உப்பு மூட்டையோடு புறப்படுகிற வியாபாரி எங்கிருந்து புறப்படுவான்? தன் வீட்டிலிருந்து. எங்கே திரும்புவான்? தன் வீட்டுக்கு, வரவு செலவைச் சொல்ல. கூட நடக்கிற நம்மைப் போன்றவர்கள் பூசம் முடிந்ததும் பேருந்தில் ஏறிவிடுகிறோம். காவடி எடுத்தவர்களோ அதைச் செலுத்திவிட்டு நடந்தே ஊர் திரும்புகிறார்கள். மயிற்பீலி வாடி, முகம் கறுத்து அவர்கள் வருகிற அந்தத் திரும்பும் நடையைப் படமெடுக்க யாரும் நிற்பதில்லை. எனக்கு அதுதான் யாத்திரையின் பாதிக்கு மேல்.

திண்டுக்கல்லிலிருந்து நடக்கும் தவற்றை நானும் செய்திருக்கிறேன், தம்பி. நாற்பது வயதைக் கடந்திருந்த ஒரு தை மாதம், பள்ளியில் விடுப்புக் கிடைக்காமல், உங்களைப் போலவே கணக்குப் போட்டு, காரில் திண்டுக்கல் போய் இறங்கி நடந்தேன். இரவு ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் படுக்க இடம் கொடுத்தார்கள். பக்கத்துப் பாயில் தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், கால் கட்டைப் பிரித்து வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். “எங்கேருந்து நடந்து வர்றீக?” என்று கேட்டார். காரைக்குடி என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. “அப்ப உங்களுக்கும் ஆறு நாளாச்சு, காலக் காட்டுங்க” என்று என் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அவர் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. மிச்சமிருந்த எண்ணெயை என் காலில் தடவிவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் பழனியில் கூட்டத்தோடு படியேறிக் கும்பிட்டேன், திருநீறு வாங்கினேன். என் மனம் மட்டும் அந்த மண்டபத்துப் பாயிலேயே உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் அப்பச்சியின் (என் அப்பாவின்) நினைவு வந்தது. அவர் மலேயாவில் கடையில் இருந்தவர். மூன்று ஆண்டு வேலைக்காலம் ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால் சில மாதம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பக் கப்பலேற வேண்டும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1965 தை மாதம், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏற வேண்டிய நாள் பூசத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அவர் வேண்டுதலோடு இருந்தவர். கையில் இருந்தது நான்கைந்து நாள், உங்களுக்கு இருப்பதைப் போல. ஐயா காலத்து நண்பர்கள் சிலர், காரில் போய்ப் பழனியில் தரிசனம் செய்துவிட்டு வந்துவிடு என்றார்கள். அப்பச்சி கேட்கவில்லை. விடியுமுன் குளித்து, நடுவீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டு, முகப்பைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தார். குன்றக்குடியில் சண்முகநாதரைக் கும்பிட்டு, திருப்பத்தூரில் தங்கி, சிங்கம்புணரி வரை போனார். அங்கே சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் வாசலில் மேற்குப் பார்த்து நின்று, பழனி இருக்கிற திசையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான்காம் நாள் மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் வந்து முகப்பில் நின்றது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. முழங்கால் வரை செம்மண். ஆத்தா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றினார். பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், “பாதியில திரும்பிட்டியாமே?” என்று எல்லார் முன்னிலும் கேட்டார். அப்பச்சிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் நிதானமாக, “வீட்டுலேருந்து போனேன், வீட்டுக்கு வந்துட்டேன். பாதியில எங்க நின்னேன்?” என்றார். அடுத்த கணக்கு முடிந்து வந்தபோது அவருக்குத் தை மாதம் ஊரில் வாய்க்கவில்லை. அதற்கடுத்த முறைதான் முழுத் தூரமும் நடந்தார். அப்போதும், முன்பு விட்ட சிங்கம்புணரியிலிருந்து தொடங்காமல், வீட்டிலிருந்தே தொடங்கினார்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் திட்டம் இது. குறைப்பதானால் முடிவிலிருந்து குறையுங்கள். வீட்டிலிருந்து சிங்கம்புணரி 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டால் விடியும் நேரத்தில் குன்றக்குடி மலையடியில் இருப்பீர்கள். பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரையும், வைரவன்பட்டியில் நம் நகரத்தாரின் (செட்டிமாரின்) ஒன்பது கோயில்களில் ஒன்றையும் வெயில் ஏறுமுன் கும்பிட்டுவிடலாம். பகலில் படுத்து எழுந்து, மாலையில் திருப்பத்தூர் போய்த் திருத்தளிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் தங்குங்கள். பூச நாளைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். அது பஞ்சாங்கத்தின்படி நகரும். 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. நடப்பவர்கள் பூசத்துக்குப் பல நாள் முன்பே குன்றக்குடியைக் கடந்துவிடுவார்கள். காவடிகள் என்றைக்கு அங்கே கூடுகின்றன என்று ஊரில் கேட்டு, அந்த நாட்களையொட்டி உங்கள் நான்கு நாளையும் எடுங்கள். போகும்போது அவர்களோடு நடப்பீர்கள். திரும்பும்போது, பின்தங்கி வருகிறவர்கள் உங்களுக்கு எதிரே வருவார்கள். ஏன் திரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள், நான் சொன்னதைப் போலப் பொய் சொல்லாதீர்கள்.

பழனிக்குப் போகாமல் பழனி நடையா என்று உங்களுக்குத் தோன்றும். பழனி எங்கேயும் போய்விடாது. எந்தக் கார்த்திகைக்கும் பேருந்தில் போய்ப் படியேறிக் கும்பிட்டு வரலாம். ஒரு வாரம் விடுப்புக் கிடைக்கும் ஆண்டில் முழுவதும் நடக்கலாம். உங்கள் வீட்டுக்கும் குன்றக்குடிக்கும் இடையில் இருக்கிற அந்த முதல் பத்துக் கிலோமீட்டரைத்தான் உங்கள் ஐயாவுக்குப் பிறகு உங்கள் வீட்டில் யாரும் நடக்கவில்லை.

இனி அந்தச் சாவி. பெரியப்பச்சியிடம் இருக்கிறது என்று, பக்கத்து நாட்டில் இருப்பதைப் போல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது; இரட்டை வீட்டில் (உங்கள் குடும்பத்துக்கு உரிய அறையில்) உங்கள் அப்பச்சி கல்யாணத்துக்கு வைத்த சாமான் இன்னும் இருக்கும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக்கூட அதைத் திறப்பதுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. பர்மாத் தேக்கில் நிலை வைத்து, வந்தவர் உட்காரத் திண்ணை கட்டி, பத்துப் புள்ளிகள் (குடும்பங்கள்) ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வளவு கட்டியவர்கள், ஒரு பேரன் கால் நனைக்காமல் கரூர் வழியாகப் போய்விடுவான் என்று நினைத்திருக்க மாட்டார்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். வீடு பூட்டியிருக்கிறது என்பது ஊருக்கு வராமலிருக்கக் காரணம் ஆகாது, தம்பி. சாவி கேட்பதில் என்ன கூச்சம்? பெரியப்பச்சிக்கும் உங்களுக்கும் பேச்சு வார்த்தை குறைந்திருந்தால், முருகனுக்கு நடக்கிறேன், விளக்கேற்ற வீட்டைத் திறக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மறுக்க மாட்டார். ஒருவேளை அவரும் உங்களோடு குன்றக்குடி வரை வருவார்.

அம்மாவைக் காரில் ஏற்றிப் பின்னாலேயே ஊர்ந்து வரச் செய்யாதீர்கள். நெரிசலில் நடப்பவர்களுக்கும் அது இடைஞ்சல், அவருக்கும் அலுப்பு. முழங்கால் இடம் கொடுத்தால் வாசலிலிருந்து தெருமுனை வரை உங்களோடு நடக்கட்டும். சிங்கம்புணரிக்கு வேண்டுமானால் இரண்டாம் நாள் நேராக வந்து, அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பட்டும். மற்ற நேரத்தில் அவர் அந்த வீட்டில் இருக்க விரும்புகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பெண்ணாக வந்து இறங்கிய வீடு. எத்தனை ஆண்டாயிற்றோ அதில் அவர் ஓர் இரவு தூங்கி. நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் வீட்டு முகப்பில் விளக்கு எரிவதைத் தெரு பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

இரண்டு நாள் முன்னதாக யாரையாவது அனுப்பிக் கிணற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வளவைக் கூட்டி நடுவீட்டுக் கோலம் போடச் சொல்லுங்கள். நிலைக்கதவை மட்டும் அவர்களிடம் விடாமல் நீங்களே திறங்கள். பூட்டில் முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். மார்கழிப் பனியில் தேக்கு உப்பியிருக்கும். கதவின் அடிப்பக்கத்தை முழங்காலால் அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும், அவசரப்பட்டால் சாவி முறிந்துவிடும்.

அன்புடன்,
ஆச்சி