மாதம் தவறாமல் சளி: என் மகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. விளையாட்டுப் பள்ளியில் சேர்த்து நான்கு மாதம் ஆகிறது. அதற்குள் நான்கு முறை சளி, இருமல், காய்ச்சல் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுத்தேன். எதிர்ப்புச் சக்தி குறைவா? குளிர்ந்த தண்ணீர் குடிப்பதாலா? அவள் அப்பா புகைபிடிப்பார், ஆனால் பால்கனியில் மட்டும்தான்.

பதில்: வயதுக்கேற்ற எடை கூடி, இடைப்பட்ட நாட்களில் ஓடியாடி விளையாடுகிறாள் என்றால், எதிர்ப்புச் சக்தியில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. பள்ளிக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு அதற்கு மேலும் வரும். சளி உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளூயன்சா, அடினோ வைரஸ் என்று இன்னும் பல. ஒவ்வொன்றையும் அவள் உடல் முதன்முறையாகச் சந்தித்துப் பழகுகிறது. குளிர்ந்த தண்ணீர் தொற்றை உண்டாக்குவதில்லை. இருமும்போது தெறிக்கும் துளிகளும், மூக்கைத் துடைத்த கையும், வாயில் வைத்த பொம்மையும்தான் கிருமியைக் கடத்துகின்றன.

சிரப் கொடுத்ததும் தேறினாள் என்று தோன்றியிருக்கும். வைரஸ் சளி எப்படியும் ஒரு வாரம், பத்து நாளில் தானே அடங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும் அது பாக்டீரியாவுக்கு அடையாளமல்ல. தேவையில்லாமல் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம். நிஜமாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமலும் போகலாம். தயவுசெய்து பழைய சீட்டைக் கிழித்துப் போடுங்கள். அடைத்த மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, குடிக்க அடிக்கடி ஏதாவது, நல்ல ஓய்வு போதும்.

நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் எழுதிய வரிதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் இருக்கின்றன. கிருமியையும் சளியையும் மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிவிடும். குழந்தையின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே மிகக் குறுகலானது. சிறிது வீங்கினாலே இளைப்பு வந்துவிடும். பால்கனிப் புகை கதவு வழியே உள்ளே வரும். சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு, மகளைத் தூக்கும்போது அவள் முகத்தருகே இருக்கும். இதை அவள் அப்பாவிடம் குற்றச்சாட்டாக அல்லாமல் அக்கறையாகச் சொல்லிப் பாருங்கள். புகைப்பழக்கத்தைக் கைவிட அவருக்கும் மருத்துவ உதவி கிடைக்கும். அடுப்புப் புகை, கொசுவத்திப் புகைக்கும் இதுவே பொருந்தும்.

நிமோகாக்கஸ், ஹிப் என்ற இரு பாக்டீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டனவா என்று அட்டையைப் பாருங்கள். ஆபத்தான நிமோனியாவைப் பெருமளவு தடுப்பவை இவை. ஆண்டுதோறும் போடும் இன்ஃப்ளூயன்சா ஊசி பற்றியும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எடை கூடாமல் நின்றாலோ, ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா வந்தாலோ எதிர்ப்புச் சக்தியைப் பரிசோதிக்க வேண்டும்.

சளி பிடித்திருக்கும்போது, அவள் அமைதியாக இருக்கையில் சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். (ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இந்த அளவு 50, இரண்டு மாதத்துக்குள் என்றால் 60.) மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எதையும் குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ, நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.