பதில்: டெங்கு போயும் அசதி போகலை, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

சகோ, டெங்கு விட்டு நாலு மாசம் ஆச்சு, ரத்தத்துல குறை எதுவும் இல்ல, ஆனா தண்டையார்பேட்டைலேர்ந்து காசிமேடு வரை நடந்துட்டு வந்தா மறுநாள் எழுந்திருக்கவே முடியலைன்னு கேட்டிருக்கீங்க. வீட்ல சொல்ற மாதிரி இது சோம்பேறித்தனம் இல்ல.

தொற்று வந்தா உடம்புல சுரக்குற சைட்டோகைன்கள் (எதிர்ப்பு சக்தி அனுப்புற ரசாயனங்கள்) மூளைவரைக்கும் வேலை காட்டும். அங்க ஊக்கம் தர்ற டோபமைன் மந்தமானா, பக்கெட் தண்ணி தூக்குறதுகூட மலையா தெரியும். சிலருக்கு கிருமி போனப்புறமும் இது அடங்குறதில்ல.

கவனிக்க வேண்டியது அந்த 'மறுநாள்'தான். அலைச்சலுக்கு அப்புறம் 12-48 மணி நேரத்துல படுக்க வைக்குதுன்னா, "நடந்து நடந்து பழகிக்கோ"ங்கிறது எடுபடாது, கெடுத்தும் விடும். இந்த வகை நாட்பட்ட அசதிக்கு உடற்பயிற்சியைப் படிப்படியா கூட்டுற முறையை சிகிச்சை வழிமுறைகளை வகுக்குற பிரிட்டனோட நைஸ் அமைப்பே 2021-ல கைவிட்டுடுச்சு.

ரெண்டு வாரம் நோட்டுல எழுதுங்க: என்ன செஞ்சீங்க, எத்தனை நிமிஷம், மறுநாள் எப்படி. 15 நிமிஷ நடை தாங்குதுன்னா 10-லயே நிறுத்துங்க. தெம்பா இருக்குற நாள்லயும்தான். அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. ரேஷன், மார்க்கெட், துணின்னு ஒரே மூச்சுல முடிச்சிட்டு மூணு நாள் படுத்துடுவாங்க.

மதியம் ரெண்டு மணிக்கு மேல டீ வேண்டாம். காஃபீன் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ராத்திரி ஆழ்ந்த தூக்கம் போயிடும்.

ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்), வைட்டமின் பி12 பார்த்தாங்களா? ஹீமோகுளோபின் சரியா இருந்தும் ஃபெரிட்டின் 30 ng/mL-க்குக் கீழ போனா அசதி வரலாம். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, மூச்சு வாங்குறது ஏதாவது இருந்தா இதையெல்லாம் விட்டுட்டு நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓபி-க்குப் போங்க.