வெள்ளம், கண்ணாடி, பயணி: காப்புறுதியில் எதற்குக் கூடுதலாகக் கட்டலாம்?

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில், எங்கள் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாகனக் காப்புறுதி முகவராக இருக்கிறேன். சாலை வரி புதுப்பிக்க வருகிறவர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தினமும் தோட்டச் சாலையில் மைவி கார் ஓட்டுகிறேன். முன்கண்ணாடிக்கு மட்டும் 120 வெள்ளி கேட்கிறார்கள். கட்டலாமா ஐயா? (பள்ளி ஆசிரியை)

கட்டுங்கள் அம்மா. கண்ணாடியின் விலையில் 15 விழுக்காடுதான் வழக்கமான கட்டணம்; 800 வெள்ளிக் கண்ணாடிக்கு 120 சரியான கணக்கு. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் போகிறவருக்குக் கல் தெறிப்பது புதிதல்ல. இந்தச் சேர்க்கை இல்லாமல் கண்ணாடிக்கு இழப்பீடு கோரினால், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகக் கிடைத்த உங்கள் 55 விழுக்காடு என்.சி.டி. கழிவு போய்விடும். முழுச் சந்தா 1,000 வெள்ளி என்றால் இப்போது 450 கட்டுகிறீர்கள். அடுத்த ஆண்டு முழு ஆயிரத்தையும் கட்ட வேண்டும். அதன்பின் 25, 30, 38.33, 45 என்று ஏறி மீண்டும் 55-ஐத் தொட ஐந்து ஆண்டுகள் ஆகும். சேர்க்கை இருந்தால் கழிவுக்கு ஒன்றும் ஆகாது. ஒருமுறை கோரிய பிறகு, மீண்டும் பணம் கட்டினால்தான் அந்தப் பாதுகாப்பு தொடரும் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் வீடு ஆற்றோரம். முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேன். வெள்ளத்துக்கும் அது போதும்தானே? (தோட்டத்தில் ஓய்வு பெற்றவர்)

போதாது ஐயா. இதைச் சொல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. 'முழு' என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்களை 2021 டிசம்பரில் பார்த்தேன். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய அதே மழை அது. கூரை வரை நீரில் நின்ற காரை இழுத்துவந்து, தாளைக் காட்டி, "இதில் வெள்ளம் இல்லையா?" என்று கேட்டவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆகியவை ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற தனிச் சேர்க்கையில்தான் வருகின்றன. பல நிறுவனங்களில் வாகன மதிப்பில் 0.2 முதல் 0.5 விழுக்காடு கேட்கிறார்கள். 30,000 வெள்ளிக் காருக்கு 60 முதல் 150 வெள்ளி. ஆற்றோரத்தில் இருக்கும் நீங்கள் மற்ற எதை விட்டாலும் இதை விடக் கூடாது. நீர் வடிந்ததும் இன்ஜினை முடுக்கிப் பார்க்காதீர்கள். அதனால் கூடும் சேதத்தை ஏற்க நிறுவனம் மறுக்கலாம். அப்படியே படம் எடுத்துவைத்து, இழுவை லாரியை வரச் சொல்லுங்கள்.

நாங்கள் மேட்டில் இருக்கிறோம், வெள்ளம் வராது. மரக்கிளை விழுந்தால்?

காற்றில்லாத நாளில் பட்டுப்போன கிளை விழுந்தால், அடிப்படைக் காப்புறுதியே பொதுவாக ஏற்கும். புயல்காற்றில் விழுந்தால் ஸ்பெஷல் பெரில்ஸ் வேண்டும். பழைய ரப்பர் மரங்களுக்கு அடியில் காரை நிறுத்துகிறவர்கள் யோசிக்க வேண்டிய வேறுபாடு இது.

மகனுக்கு பி லைசென்ஸ் (புதிய ஓட்டுநருக்கான தற்காலிக உரிமம்) கிடைத்திருக்கிறது. வயது 18. அவன் பெயரைக் காப்புறுதியில் சேர்த்துவிட்டால் கவலை இல்லையே அண்ணே?

பெயரைச் சேருங்கள், ஆனால் கவலை முழுதும் தீராது. ஓட்டுகிறவர் 21 வயதுக்குக் கீழ் இருந்தாலோ, பி லைசென்ஸ் வைத்திருந்தாலோ, பெயர் இருந்தும்கூட உங்கள் கார் சேதத்துக்கான கோரிக்கையில் முதல் 400 வெள்ளியை நீங்களே ஏற்க வேண்டும். பெயர் சேர்க்காத எவர் ஓட்டினாலும் அதே 400 உண்டு. எல்லா ஓட்டுநர்களுக்குமான சேர்க்கையை, வீட்டில் பலர் மாறி மாறி ஓட்டினால் மட்டும் யோசியுங்கள்.

கோயிலுக்கு அக்கம்பக்கத்தாரை ஏற்றிப்போகிறேன். பயணிகளுக்கான பொறுப்புச் சேர்க்கை தேவையா?

தேவை. உங்கள் கவனக்குறைவால் அடிபட்ட அண்டைவீட்டார் வழக்குப் போட்டால், சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதி அவருக்கு உதவாது. அவர் உங்கள் காருக்குள் இருந்தவர். செலவு சில பத்து வெள்ளிதான். ஆனால் கட்டணம் வாங்கி ஏற்றினால் சொந்தப் பயன்பாட்டுக்கான காப்புறுதியே செல்லாது. இ-ஹெய்லிங் (செயலிவழி வாடகைக் கார்) ஓட்டுகிறவர்களுக்கு அதற்கென்று தனிச் சேர்க்கை இருக்கிறது.

என்னுடையது 12 வயது சாகா கார். பழுதுபார்க்கும்போது பட்டறையில் என்னிடமும் பணம் கேட்பார்களாமே?

கேட்பார்கள். பழைய காரில் புதிய உதிரிபாகம் மாட்டினால் அதன் விலையில் ஒரு பங்கு உங்களுடையது: ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காடு, பத்து வயதும் அதற்கு மேலும் என்றால் 40. இதைத் தள்ளுபடி செய்யும் சேர்க்கையும் உண்டு. ஆனால் இவ்வளவு பழைய காருக்கு அதைத் தராத நிறுவனங்களும் இருக்கின்றன. கிடைத்தால், உங்கள் காரின் மதிப்போடு கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சாவி தொலைவதற்கான பாதுகாப்பு, பட்டறையில் கார் நிற்கும் நாட்களுக்கான இழப்பீடு பற்றியும் சிலர் கேட்டார்கள். கார் இல்லாவிட்டால் அன்றைய கூலியே போய்விடும் என்றால் இரண்டாவதை எடுக்கலாம். சாவியை விட்டுவிடுங்கள்.

சேர்க்கைகளுக்குப் பணம் மிச்சப்படுத்த, 28,000 வெள்ளிக் காரை 20,000 என்று எழுதிக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. அப்படி எழுதினால், காரின் மதிப்பில் 28-க்கு 20 பங்குக்கே காப்பு இருப்பதால், 7,000 வெள்ளிச் சேதத்துக்கு 5,000 மட்டுமே கிடைக்கும். மீதி 2,000 உங்கள் பையிலிருந்து போகும். மதிப்பை 28,000-க்கு மாற்றிக்கொண்டு வாருங்கள், அதன்பின் வெள்ளச் சேர்க்கையைப் பேசுவோம்.