அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே கடற்கரை

கேள்வி: நாங்கள் கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கிறோம். கணவர், ஆறாம் ஆண்டு படிக்கும் மகள், எட்டு வயது மகன், எழுபத்திரண்டு வயது மாமியார், நான் என ஐந்து பேர். விடுமுறை என்றாலே எங்களுக்குப் போர்ட்டிக்சன்தான். அங்கே போனாலும் பிள்ளைகள் விடுதியின் நீச்சல் குளத்தை விட்டு வெளியே வருவதில்லை. வரும் டிசம்பரில் மூன்று நாள் ஓய்வு கிடைக்கிறது. கணவர் நீலக் கடல் வேண்டும், திரங்கானு தீவுகளுக்குப் போகலாம் என்கிறார். மாமியார் பாகான் டத்தோ பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மீன்படகு வந்து போகும் ஓர் ஊரில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருக்கு முழங்கால் வலி இருக்கிறது, அதிகம் நடக்க முடியாது. எங்கள் கையில் பெரிய பணமும் இல்லை. எங்கே போகலாம்?
- செந்தூல் வாசகி

பதில்: டிசம்பரில் திரங்கானு வேண்டாம். இதை உங்கள் கணவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து நேராகக் கிழக்குக் கரையில் வந்து மோதும் காலம் அது. பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மூடிக் கிடக்கும். படகுப் போக்குவரத்தும் சுருங்கிவிடும். கரையில் நின்றால்கூட அலை இழுக்கும் வேகத்தில் பிள்ளைகளை இறக்க முடியாது. அவருடைய நீலக் கடலை அடுத்த ஆண்டு ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடைப்பட்ட ஒரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தீவு வரை போகாமல் குவாந்தானுக்கு வடக்கே இருக்கும் செராத்திங்கில் தங்கினாலும் போதும். ஆமை முட்டையிட வரும் கடற்கரை அது.

இந்த முறை உங்கள் அத்தையின் ஆசைப்படி செய்யுங்கள். வயதானவர் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் ஐந்து பேரில் கடலிடம் என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். படகு வருகிற ஊருக்குப் போனால் பிள்ளைகளுக்கும் நீச்சல் குளம் நினைவுக்கு வராது. மீன் இறக்குவதையும் வலை பின்னுவதையும் எட்டு வயதுப் பையன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பான்.

போக வேண்டிய இடம் பங்கோர். லங்காவிக்குக் கிடைத்த விளம்பரம் இந்தத் தீவுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இன்னும் அது மீனவர்களின் தீவாகவே இருக்கிறது. பேராக்கின் லுமுட் படகுத்துறையில் காரை நிறுத்திவிட்டுப் படகு ஏறினால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் போய்விடலாம். கோலாலம்பூரிலிருந்து லுமுட் வரை காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. விடியற்காலையில் கிளம்பி, வழியில் பசியாறி, மதியத்துக்குள் தீவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தீவில் இளஞ்சிவப்பு நிற வேன்கள்தான் டாக்சி. அத்தையை நடக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

பங்கோருக்கு இரண்டு முகங்கள் உண்டு. மேற்குப் பக்கம் மலாக்கா நீரிணையைப் பார்த்த மணற்கரை. தெலுக் நிப்பா, பாசிர் போகாக் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. போர்ட்டிக்சனைவிடத் தண்ணீர் தெளிவாக இருக்கும், உங்கள் கணவர் முகம் சுளிக்க மாட்டார். தெலுக் நிப்பாவில் அறை எடுங்கள். மாலையில் இருவாட்சிப் பறவைகள் மரம் மரமாகத் தாவி, சில நேரம் விடுதி வாசல் வரை வரும். அத்தனை பெரிய அலகோடு ஒரு பறவை கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பதை உங்கள் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். இரண்டு இரவும் அதே அறையில் இருங்கள். மூன்று நாளில் இரண்டு விடுதி மாறினால், மூட்டை கட்டுவதும் பிரிப்பதும் உங்கள் தலையில்தான் விழும்.

கிழக்குப் பக்கம்தான் அத்தையின் பக்கம். லுமுட்டைப் பார்த்த இந்தக் கரையில் சுங்கை பினாங் கெச்சில், சுங்கை பினாங் பெசார், பங்கோர் சிறுநகரம் என்று மீனவக் கம்பங்கள், அதாவது கிராமங்கள், அடுத்தடுத்து வரும். தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் வீடுகள், படகு கட்டும் பட்டறைகள், கருவாட்டுக் கடைகள் எல்லாம் இங்கேதான். பங்கோர் நெத்திலிக்கு நாடு முழுக்கப் பெயர். பிடித்த படகிலேயே உப்பு நீரில் வேகவைத்து, கரைக்குக் கொண்டுவந்து உலர்த்துவார்கள். மழை இல்லாத காலையில் போனால் அந்த மணம் தெருமுனையிலேயே வந்துவிடும். அத்தை கேட்ட ஊர் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரை அங்கே ஒரு தேநீர்க் கடையில் உட்காரவைத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். வேறு எங்கும் ஓட வேண்டாம். நெத்திலியின் தரம் பார்த்து வாங்கும் பொறுப்பையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

சுங்கை பினாங் கெச்சிலில்தான் ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயில் இருக்கிறது. கோயிலை ஒட்டியே கடல். நம் நாட்டில் கடல் மணலில் நின்று கும்பிடக் கிடைக்கும் கோயில்கள் குறைவு. லுமுட்டிலிருந்து வரும் படகு பங்கோர் சிறுநகரத்துக்கு முன்னால் இந்தக் கம்பத்தில்தான் நிற்கும். ஆனாலும் முதல் நாள் பெட்டிகளோடு இங்கே இறங்க வேண்டாம். மறுநாள் காலையில் வேன் பிடித்து நிதானமாக வாருங்கள்.

மகள் ஆறாம் ஆண்டு என்கிறீர்கள். தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்கள் 1670-இல் கட்டிய கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன. பேராக்கின் ஈயத்தைச் சேமித்து வைக்கவும், அந்த வாணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்திருக்கவும் கட்டியது. இருநூறு ஆண்டு கழித்து, அதே ஈயத்துக்காக பிரிட்டிஷார் வந்தார்கள். 1874 ஜனவரி 20 அன்று பங்கோர் கடலில் நின்ற கப்பலில் கையெழுத்தான உடன்படிக்கைதான் மலாய் மாநிலங்களில் சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் வந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் ஆட்சிக்கு வாசல் திறந்தது. நம் முன்னோர் கூட்டம் கூட்டமாக இங்கே தோட்ட வேலைக்கும் ரயில் பாதை வேலைக்கும் வந்தது அந்த ஆட்சி வேரூன்றிய பிறகுதான். பாட்டி ஏன் பாகான் டத்தோவில் பிறந்தார் என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்தத் தீவில் இருக்கிறது. மகளுக்கு அதைக் கோட்டைச் சுவர் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

மூன்றாம் நாளைப் பற்றித்தான் நான் மிகவும் யோசித்தேன். திரும்பும்போது நெடுஞ்சாலையைப் பிடிக்காமல், சித்தியவான், தெலுக் இந்தான் வழியாக இறங்கி வாருங்கள். அங்கிருந்து பாகான் டத்தோவுக்கு ஒரு கிளைச் சாலை மேற்கே போகிறது. பேராக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அந்தச் சாலை முடிந்துவிடும். நேரம் கூடும். ஆனால் இவ்வளவு பக்கம் வந்துவிட்டு அத்தையை அவர் ஊருக்கு அழைத்துப் போகாமல் திரும்பக் கூடாது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்யுங்கள். அவரிடம் சொல்லாமல் அழைத்துப் போய் வியப்பில் ஆழ்த்த நினைக்காதீர்கள். பல தோட்டங்களில் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன, தென்னை நின்ற இடத்தில் செம்பனை எனும் எண்ணெய்ப் பனை நிற்கிறது. அவர் பிறந்த லயம் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். மனத்தைத் தயார்படுத்திக்கொள்ள அவருக்கு நேரம் வேண்டும். அந்தத் தோட்டத்து ஆட்கள் யாராவது இன்னும் தொடர்பில் இருக்கிறார்களா என்று இப்போதே கேட்டு, தொலைபேசியில் பேச வையுங்கள். யாரும் இல்லையென்றால் தோட்டத்து மாரியம்மன் கோயிலைத் தேடிப் போங்கள். வீடுகள் போன பிறகும் கோயில் நின்ற தோட்டங்கள் உண்டு, பழைய ஆட்களைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல இடமும் கிடையாது. பாகான் டத்தோவிலிருந்து சபாக் பெர்ணம், சிகிஞ்சான் வழியாகக் கோலாலம்பூர் திரும்பலாம். சிகிஞ்சானில் வயல்கள் சாலையை ஒட்டியே விரிந்திருக்கும். டிசம்பரில் கதிர் முற்றியிருக்கலாம், அறுவடையும் முடிந்திருக்கலாம்.

படகுப் பயணம் அத்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தால், தைப்பிங்கில் தங்கி கோலா செப்பத்தாங் போய் வாருங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து தைப்பிங்குக்கு இடிஎஸ் ரயில் இருக்கிறது. கோலா செப்பத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885 ஜூன் 1 அன்று மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்குக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் இடையில்தான் ஓடியது. பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படையை வரவழைத்தார்கள். தண்டவாளம் போய்விட்டது. ஊர்ப் பெயர்ப் பலகை மட்டும் கடைத்தெருவில் நிற்கிறது. அதில் ஜாவி, ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் இருக்கிறது. மகனை அதன் முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த ஊரைச் சுற்றி ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்பில் மாத்தாங் சதுப்புநிலக் காடு விரிந்திருக்கிறது. நூறு ஆண்டுக்கும் மேலாகத் திட்டமிட்டுப் பராமரிக்கப்படும் காடு. பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தை முப்பது ஆண்டு வளரவிட்டு வெட்டி, பட்டை உரித்து, கவிழ்த்த பானை வடிவச் சூளைகளில் செங்குத்தாக அடுக்கிக் கரியாக்குகிறார்கள். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். புகையின் மணத்தையும் நிறத்தையும் வைத்தே உள்ளே மரம் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அத்தை இங்கேயும் மகிழ்ச்சியாக இருப்பார். ஆனால் பிள்ளைகள் நீந்த இங்கே இடம் இல்லை. சேற்றுக் கரை.

அந்தச் சேற்றைப் பற்றி உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. மேற்குக் கரையின் கலங்கல் நிறத்தைப் பார்த்துப் பலரும் அழுக்கு என்று ஒதுக்குகிறார்கள். ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவரும் வண்டல் அது. நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ரா மறைத்து நிற்பதால் பெரிய அலைகள் வந்து அதை அடித்துக்கொண்டு போவதில்லை. வண்டல் படிகிறது, அதில் சதுப்புநில மரம் வேர் பிடிக்கிறது, அந்த வேரடியில் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. நாம் விரும்பிச் சாப்பிடும் கடல் உணவில் பெரும்பங்கு இந்தக் கலங்கல் தண்ணீர் கொடுப்பதுதான்.

மூன்று நாளும் கிடைக்காமல் போனால், ஒரு பகல், ஒரு மாலைக்குக் கோலா சிலாங்கூர் போதும். மெலாவத்தி குன்றில் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும், வெள்ளிநிற லங்கூர் குரங்குகளும் உண்டு. இருட்டிய பிறகு கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்க்கலாம். இதற்கு நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் மின்மினி தெளிவாகத் தெரியும், பௌர்ணமி நிலவில் மங்கிவிடும். கேத்தாம் தீவை இந்த முறை விட்டுவிடுங்கள். காரே இல்லாத அழகான மீனவக் கம்பம்தான். ஆனால் போர்ட் கிள்ளான் பக்கம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே நான்கு மீட்டர் அளவுக்கு வேறுபாடு இருக்கும். வற்றிய நேரத்தில் படகு துறைக்கு வெகு கீழே நிற்கும். அந்தப் படிகள் அத்தையின் முழங்காலுக்கு ஆகாது.

பங்கோரிலும் கடல் வற்றும் நேரத்தை விடுதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் நேரத்தில்தான் குளியல் நன்றாக இருக்கும். டிசம்பரில் மேற்குக் கரையிலும் மாலை மழை உண்டு. அதனால் கடல் குளியலையும் ஊர் சுற்றலையும் காலையில் முடித்துவிட்டு, மழைக்கு அறையில் இருங்கள். செலவு குறைய ஒரே வழி வார நாளில் போவது. வெள்ளி மாலை படகில் நிற்கவும் இடம் இருக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். திங்கள் கிளம்பி புதன் திரும்புங்கள். அத்தையின் மருந்தை உங்கள் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம்.

பங்கோர் பிடித்துப்போய் அத்தை மறுபடியும் கேட்டால், மாசி மகத்துக்கு அழைத்துப் போகலாம். பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். பத்திரகாளியம்மன் கோயிலுக்கு அன்று பேராக் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் கூட்டம் திரளும், தீவில் ஓர் அறையும் மிஞ்சாது. அந்த எண்ணம் இருந்தால், டிசம்பரில் அறையைக் காலி செய்யும்போதே மாசிக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள்.