விளிம்பில் வைத்த எண்

அன்புள்ள ஐயா,

நான் எம்.இ. இறுதியாண்டு மாணவன். 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பேட்ச் ஆன்டெனா (போர்டின் மேல் செப்புத் தகடாக அமைவது) வடிவமைத்தேன். எஃப்.ஆர்.4 போர்டு, 1.6 மி.மீ. தடிமன். சிமுலேஷனில் சரியாக 2.45 வந்தது. செய்து அளந்தால் 2.38. மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக ஆன்டெனாவை வெட்டும் சிறு துண்டுகளின் வலையை, இன்னும் நெருக்கமாகப் போடு என்கிறார் என் கைடு. லேப்டாப் தாங்கவில்லை. நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி வாங்கலாமா? எந்த மென்பொருள் தெரிந்தால் வேலை கிடைக்கும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் மென்பொருளே கணக்கிட்டுத் தரும்போது உள்ளே இருக்கும் கணிதம் நமக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

க.

அன்புள்ள க.,

ஆன்டெனா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட், அதாவது போர்டுப் பொருளின் மின் தன்மையைச் சொல்லும் மாறிலி, 4.4 என்று போட்டிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். எஃப்.ஆர்.4 என்பது கண்ணாடி இழைத் துணியும் எபாக்சிப் பிசினும் சேர்ந்த பலகை. இரண்டும் எந்த விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன என்பது ஆலைக்கு ஆலை மாறும். 4.67 வாக்கில் போட்டுப் பாருங்கள், உங்கள் 2.38 வந்துவிடும். அதையும் ஊகமாக விடவேண்டாம். அதே போர்டில் ஒரு ரிங் ரெசனேட்டர் (வளையமாக வெட்டிய செப்புப் பட்டை) செய்து அளந்துகொள்ளுங்கள். மாறிலி தவறாக இருக்கும்போது மெஷ்ஷை நெருக்கினால், தவறான விடைக்குக் கூடுதலாக இரண்டு தசம இலக்கம் கிடைக்கும், அவ்வளவுதான்.

வேலைக்கு எந்த மென்பொருள் என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. ஒன்றை ஒழுங்காகக் கற்றவருக்கு மற்றது சில வாரங்களில் பழகிவிடும்.

கடிதத்தின் கடைசி வரிகளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாகவே இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன், கோபத்தோடு. உங்கள் நண்பர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களை இப்படிக் கேட்கும் நிலையில் விட்டுவைத்தவர்கள் மேல்தான். ஒரு பொறியியல் கல்லூரியில் ப்ராஜெக்ட் வைவாவுக்குப் போயிருந்தேன். வேவ்கைடு (மைக்ரோவேவ் அலை ஓடும் உலோகக் குழாய்) ஃபில்டர் ஒன்றைச் செய்திருந்த மாணவி சிவப்பும் நீலமுமாகப் புலப் படங்களை வரிசையாகக் காட்டினாள். “இந்தக் குழாயின் அகலம் 22.86 மி.மீ. எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே இதில் அலை ஓடாதும்மா?” என்று கேட்டேன். அவள் கைடைப் பார்த்தாள். “அதெல்லாம் சாஃப்ட்வேர்லயே வந்துடும் சார்” என்றார் அவர். ஒளியின் வேகத்தை அகலத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். ஒரு வரி. அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு வரியைச் சொல்லித்தராமல் இரண்டு வருடம் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.

நாங்கள் படித்தது மைக்ரோவேவை உண்டாக்கும் கிளிஸ்ட்ரான் குழல் வைத்த பெஞ்ச்சில். லேப் அட்டெண்டராக இருந்தவர் பட்டம் எதுவும் வாங்காத மனிதர். 9.4 கிகாஹெர்ட்ஸில் ஸ்லாட்டட் லைனில் (அளக்கும் கம்பி நுழையப் பிளவு விட்ட வேவ்கைடில்) அடுத்தடுத்த இரண்டு மினிமாக்களுக்கு, அதாவது புலம் மிகக் குறையும் இடங்களுக்கு, நடுவே எவ்வளவு தூரம் வரும் என்று நோட்டில் எழுதிக் காட்டினால்தான் பீம் வோல்டேஜை ஏற்ற விடுவார். 22.3 மி.மீ. என்று எழுதுவோம். அளந்தது விலகி வந்தால், “ப்ரோப் ஆழமா இறங்கிடுச்சா பாருங்க தம்பி” என்பார். அளக்கப்போன கம்பியே அலையைக் குலைத்துவிடும் என்பதை அவரிடம்தான் கற்றேன். வாத்தியார்கள் பலர் மறந்துவிட்டார்கள். அவர் குரல் இன்றும் காதில் இருக்கிறது.

இப்போது உங்கள் கைடு சொன்ன மெஷ்ஷுக்கு வருகிறேன். நெருக்கினால் உண்மை வரும் என்று நம்புகிறவர்கள், வேவ்கைடு கணக்கில் பல வருடம் ஆட்டிவைத்த பொய் மோடுகளின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோடு என்றால் குழாயில் அலை ஓடக்கூடிய ஒரு வடிவம். 1960களின் கடைசியில் மான்ட்ரியலில் பீட்டர் சில்வெஸ்டர் போன்றவர்கள் ஃபைனைட் எலிமென்ட் முறையை, அதாவது இடத்தை முக்கோணம் போன்ற சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடுவதை, மைக்ரோவேவுக்குக் கொண்டுவந்தார்கள். வெற்றுக் குழாய்க்கு அருமையாக வேலை செய்தது. உள்ளே பாதி டைஎலக்ட்ரிக் நிரப்பிய குழாய்க்கு மின்புலத்தின் மூன்று கூறுகளும் வேண்டும். கட்டிடப் பொறியியலில் செய்கிற மாதிரி, முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் மூன்று எண்களை வைத்தார்கள். சரியான மோடுகள் வந்தன. அவற்றோடு உலகில் இல்லாத மோடுகளும் வந்தன. சமன்பாட்டுக்கு அவையும் விடைதான் என்று கணினி சொன்னது. மெஷ்ஷை நெருக்கினார்கள். பொய் மோடுகள் இன்னும் பெருகின.

காரணம் முனையில்தான் இருந்தது. இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் மின்புலத்தின் தொடுகோட்டுக் கூறு, அதாவது எல்லையை ஒட்டிய கூறு, தொடர்ச்சியாக இருக்கும். செங்குத்துக் கூறு தாவும். முனையில் எண்ணை வைத்தால் தாவ வேண்டியதையும் தாவவிடாமல் பிடித்து நிறுத்துகிறோம். அதைவிட ஆழமான கோளாறு ஒன்றும் உண்டு. நிலைமின் புலங்களுக்குச் சுழற்சி கிடையாது. அவை சுழி அதிர்வெண்ணில் அடங்கிக் கிடக்க வேண்டியவை. முனை எண்களால் அவற்றைச் சரியாக எழுத முடியாததால் அவை சுழியை விட்டுக் கிளம்பி, மோடுகள் என்று வேஷம் போட்டு நடுவே வந்து உட்கார்ந்தன. சிலர் சமன்பாட்டில் ஒரு தண்டனை உறுப்பைச் சேர்த்து அவற்றை மேலே தள்ளினார்கள். அதன் எடையை எவ்வளவு வைப்பது என்று ஒவ்வொரு கணக்குக்கும் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

1980இல் பிரான்ஸின் நெடெலெக் ஒரு கணிதக் கட்டுரையில் எண்ணை முனையிலிருந்து எடுத்து விளிம்பில் வைத்தார். விளிம்பை ஒட்டிய கூறு மட்டும் தொடர்ச்சி, மற்றது சுதந்திரம். நிலைமின் புலங்கள் சுழியிலேயே தங்கின, பொய் மோடுகளின் தொல்லை ஒழிந்தது. பெரிய கணினியாலோ நெருக்கமான மெஷ்ஷாலோ தீராததை, எண்ணை எங்கே வைப்பது என்ற ஒரு முடிவு தீர்த்தது. இதற்குத்தான் கணிதம் வேண்டும், க. உங்கள் நண்பர்களிடம் இதையே சொல்லுங்கள்.

1982இல் ராவ், வில்டன், கிளிசன் மூவரும் உலோகப் பரப்பில் ஓடும் மின்னோட்டத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? முக்கோணங்களாக வெட்டி, இரண்டு முக்கோணங்கள் பகிரும் விளிம்புக்கு ஒரு எண் வைத்தார்கள். விளிம்பைக் கடந்து போகிற ஓட்டம் அங்கே தேங்காது. அதனால் இல்லாத மின்னூட்டம் விளிம்பில் சேராது. மீண்டும் விளிம்பு. அதில் முதல் பெயர் சதாசிவ ராவ். அவர் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய ஆர்.டபிள்யூ.ஜி. சார்புகளை தினமும் பயன்படுத்துகிற நம் பிள்ளைகளுக்கு அவர் யாரென்று வகுப்பில் சொல்ல ஆளில்லை.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால், 1966இல், கேன் யீ ஆறே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். இடத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டி, மின்புலத்தைப் பெட்டியின் விளிம்புகளிலும் காந்தப்புலத்தை முகங்களின் நடுவிலும் வைத்தார். காலத்திலும் இரண்டையும் அரைக் காலடி தள்ளி வைத்தார்; கணக்கு ஒரு முறை முன்னே நகரும் நேரம்தான் காலடி. சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி இழை வளைவதுபோல ஒவ்வொரு காந்தப்புல எண்ணையும் நான்கு மின்புல எண்கள் சுற்றி நிற்கும். அந்த நான்கையும் சுற்றிக் கூட்டினால் நடுவே உள்ள காந்தப் பாயத்தின் மாற்றம் கிடைக்கும். இது 1831இல் ஃபாரடே கம்பிச் சுருளில் கண்டதேதான். காந்தப்புலத்துக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது என்ற விதியை யீ தனியாக எழுதவேயில்லை. அந்த அடுக்கில் அது தானாகவே காப்பாற்றப்படுகிறது. இந்தக் கட்டுரையை வாசித்த அன்று நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.

யீயின் கட்டுரையில், காலடி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற எல்லை பற்றிய நிபந்தனை தவறாக இருந்தது. 1975இல் டாஃப்லவும் பிராட்வினும் சரியானதைக் கொடுத்தார்கள். அந்த எல்லையின் வேர் இன்னும் பழையது: கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூவி மூவரும் 1928இல் எழுதியது, மின்னணுக் கணினி பிறப்பதற்கு முன்னால்.

கணினி எதுவும் இப்போது வாங்காதீர்கள். அப்பா அம்மாவிடம் அதற்காகப் பணம் கேட்காதீர்கள். உங்கள் பழைய லேப்டாப்பிலேயே பைத்தானில் யீயின் முறையை இரு பரிமாணத்தில் எழுதுங்கள். 22.86க்கு 10.16 மி.மீ. உலோகப் பெட்டி, கட்டம் 0.254 மி.மீ., அதாவது 90க்கு 40. தளத்துக்குள் மின்புலம் இரண்டு கூறு, செங்குத்தாகக் காந்தப்புலம் ஒரு கூறு. முதலில் காலடியை 0.7 பிகோ செகண்ட் வைத்து ஓட்டுங்கள், எண்கள் வெடித்துப் போகும். பிறகு 0.59 வைத்து ஓட்டுங்கள். ஒரு மூலையில் சின்னத் துடிப்பைக் கொடுத்து, இன்னொரு மூலையில் பதிவுசெய்து, ஃபூரியர் உருமாற்றம் எடுங்கள். 6.56, 13.11, 14.75 கிகாஹெர்ட்ஸில் சிகரங்கள் வர வேண்டும். அவற்றுக்கு நடுவில் வேறு எதுவும் வரக்கூடாது. வந்தால் நிரலோடு எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.