ரேஷன் எல்லோருக்கும் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கூட ரேஷனில் இலவச அரிசி வாங்கி, அதை மாவு மில்லுக்கு விற்கிறார். நம் வரிப்பணம் இப்படியா போக வேண்டும்? உண்மையான ஏழைகளைக் கணக்கெடுத்து அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

அரிசியை வாங்கி விற்பது தவறுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏழைகளைக் கணக்கெடுப்பது நீங்கள் நினைப்பதுபோல் எளிதல்ல. இந்தியா அதைச் செய்து பார்த்துவிட்டது.

1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. 2002இல் கிராமங்களில் ஏழைகளைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மொத்தம் 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். வீட்டில் ஆளுக்கு எத்தனை உடுப்பு இருக்கிறது என்பதும் அதில் ஒரு கேள்வி. கூடுதலாக இரண்டு சேலை இருந்தால் மதிப்பெண் ஏறும், ஏழைகளுக்கான ரேஷன் அட்டை கைவிட்டுப் போகலாம். 2004-05 தேசிய மாதிரி ஆய்வைப் பார்த்தால், கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதிக்கு ஏழைகளுக்கான அட்டையே இல்லை. காரணம் லஞ்சம் மட்டுமல்ல. வறுமை ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் போதும், நேற்றுவரை சமாளித்த குடும்பம் கீழே போய்விடும். பட்டியலுக்கு அது தெரியாது.

எல்லோருக்கும் ரேஷன் கொடுத்துவந்த தமிழ்நாடும் ஒருமுறை சறுக்கியது. வசதியானவர்கள் என்று கருதப்பட்டவர்களின் அட்டையில் 'எச்' முத்திரை குத்தி அவர்களுக்கு ரேஷன் இல்லை என்றார்கள், நினைவிருக்கும். 2004 மக்களவைத் தேர்தல் முடிந்த கையோடு அதை எடுத்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் கொடுப்பதால் செலவு கூடும், உண்மை. ஆனால் வசதியானவர்களில் பலர் அந்த அரிசிக்கு வரிசையில் நிற்பதே இல்லை. சர்க்கரை அட்டைக்கோ, பொருளில்லா அட்டைக்கோ மாறியவர்களும் உண்டு. எல்லோருக்கும் கொடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: அதே வரிசையில் ஓய்வுபெற்ற வாத்தியார் நின்று "பாமாயில் ஏன் இன்னும் வரல?" என்று கேட்டால், விற்பனையாளர் பதில் சொல்லியாக வேண்டும். கூலிக்காரப் பெண் கேட்டால் அந்தப் பதில் கிடைக்குமா என்பது உங்களுக்கே தெரியும்.

2020 ஏப்ரலை யோசித்துப் பாருங்கள். ஊரடங்கில் அரிசி அட்டைகளுக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லாப் பொருட்களும் கொடுத்தார்கள். பிப்ரவரிவரை ஓரளவு சம்பாதித்த ஆட்டோக்காரர், எந்த ஏழைப் பட்டியலிலும் இல்லாதவர், அன்று கடைக்குப் போய் வாங்க முடிந்தது. அட்டை ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

சரி, உங்கள் தெரு விஷயம். 1967 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். அந்த அரிசியை மில் வாங்குவதும் குற்றம்தான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.