டாக்டருக்கு வேலையின் தரம் பார்த்துப் பணம் கொடுக்க முடியுமா?

“நாகர்கோவிலில் தலைவலி என்று போனாலே ஸ்கேன் எழுதுகிறார்கள். நோய் குணமானதைப் பார்த்துப் பணம் கொடுத்தால் என்ன?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்கலாம். பிரிட்டனில் 2004இல் குடும்ப டாக்டர்களுக்கு இப்படித் தொடங்கினார்கள்: சர்க்கரை, பிரஷர் நோயாளிகளை எவ்வளவு கட்டுக்குள் வைக்கிறார்களோ அதற்கேற்ப வருமானத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர், டாக்டர்களுக்குத் தரத்தோடு செலவையும் சேர்த்து மதிப்பெண் போட்டு, தொகையைக் கூட்டியோ குறைத்தோ தருகிறது.

சிக்கல் அளப்பதில்தான். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறார். காலை மாத்திரை விட்டுப்போகிறது, மதியம் தட்டு நிறைய மரச்சீனி. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 9 சதவீதம் என்று கூடுதலாக வந்தால் அது டாக்டர் குற்றமா? மதிப்பெண் குறையும் என்றால் “ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று கைகழுவத்தான் தோன்றும். அதனால் நோயாளியின் நிலைக்கேற்ப மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும். அதற்குப் பழைய பதிவுகள் வேண்டும். இங்கேயோ பாதிப்பேரின் சீட்டு வீட்டு அலமாரியில் கிடக்கிறது!

உங்கள் ஸ்கேன் கவலைக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் வழி கொஞ்சம் பொருந்தும். அங்கே சிகிச்சைக்கு மொத்தத் தொகை முன்பே முடிவாகிவிடுவதால், கூடுதல் டெஸ்ட் எழுதினால் ஆஸ்பத்திரிக்குத்தான் கைநஷ்டம்.